எண்பது இடது கைகள்

மார்ச் 3, செவ்வாய்

தூக்கம் ஏழு மணி நேரம். மனசு ஐந்து.

தினமும் இந்த இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பூஜ்யம் என்றால் படுக்கையை விட்டு எழவே முடியாத நாள். பத்து என்றால் போன ஆகஸ்டில் நான் ஆடிய ஆட்டம். என் ஃபைலில் அதற்குப் பெயர் பைபோலார். ஐந்தைப் பற்றி என்ன எழுதுவது? தையல் கடையில் நான் சாக்பீஸால் கோடு போட்டேன், மாஸ்டர் வெட்டினார். ஒன்பது வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை எனக்கு. கத்தரிக்கோலைக் கேட்டால், "இந்த மாசம் போகட்டும்மா, பாக்கலாம்" என்கிறார்.

மார்ச் 5

ஆறரை. ஐந்து. வேறொன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஏழு. ஆறு? ஆறு என்று எழுதவே பயமாக இருக்கிறது.

சின்னவள் அவளுடைய கணக்கு டீச்சர் தும்முவதை நடித்துக் காட்டினாள். விழுந்து விழுந்து சிரித்தேன். நிமிர்ந்தால், இவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மாத்திரை போட்டியா?"

"சிரிச்சாலும் மாத்திரை, அழுதாலும் மாத்திரை. அப்ப நான் எப்பதான் நானா இருக்கறது?"

கத்திவிட்டேன். சின்னவள் நைசாக உள்ளே போய்விட்டாள். பாவம், இவர் என்ன செய்வார். ஆகஸ்டிலும் முதலில் சிரிப்பாகத்தானே ஆரம்பித்தது.

மார்ச் 12

கடை மேசைக்கு அடியில், ஆகஸ்டில் நான் பாழாக்கிய துணி இருக்கும் பை இன்னும் கிடக்கிறது. இன்று கால் பட்டது.

நாற்பது சீருடைச் சட்டை. மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சட்டைக் கை எல்லாவற்றையும் வெட்டி முடித்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, களைப்பும் இல்லை. துணி முழுவதையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, கை அளவு அட்டையை ஒரே வாக்கில் வைத்து வெட்டித் தள்ளிவிட்டேன். பாதிக்கு அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். வேலை பழக வருகிறவர்களுக்கு நானே முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது. எண்பது கை. எண்பதும் இடது கை. மாஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நானோ, புது ஃபேஷன் என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மார்ச் 16

கத்தரிக்கோல் இருக்கும் டிராயர் சாவியை மாஸ்டர் கொடுத்துவிட்டார். மாசம் முடியும் முன்பே. "ஆஸ்பத்திரி கோட்டு ஆர்டர் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை நீயே வெட்டு." கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். ஏழு மணி நேரம். ஆறு. இது சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டும்தானா?

மார்ச் 19, வியாழன்

ஏழு.

எழுதியதை அடித்துவிட்டேன். ஐந்து மணி நேரம். நேற்றும் ஐந்து. களைப்பே இல்லை.

ஐந்து என்று எழுதினால் சாவி போய்விடும். எழுதாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

விடியும்போதே மண்டைக்குள் ஒரு கோட்டு. கை கழுவும்போது கோட்டின் கை நழுவி நனைகிறது என்று அளவு கொடுக்க வந்த நர்ஸ் அக்கா சொன்னார். உள்ளே ஒரு பட்டை வைத்து, மடித்து பட்டன் போட்டால்? நல்ல யோசனைதான். ஆகஸ்டிலும் எல்லாமே நல்ல யோசனைதான். இது என்னோடதா, அதோடதா? யார்கிட்டப் போய்க் கேக்கறது?

மார்ச் 20

இந்த நோட்டை இவரிடம் காட்டினேன். அடித்த ஏழையும் சேர்த்துத்தான். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு டாக்டரிடம் வந்தார்.

போகிற வழியில் மாஸ்டரிடம் சாவியைக் கொடுத்தேன்.

"யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல மாஸ்டர். எனக்கே தெரிஞ்சுது."

டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார். கோட்டு விஷயத்தைக் கேட்டேன். "யோசனை வர்றது நோய் இல்லம்மா. நல்லாத் தூங்கி எழுந்தும் அது நிக்குதான்னு பாருங்க."

மார்ச் 24

எட்டு. நான்கு. மாத்திரையால் வாய் உலர்ந்துபோகிறது. எனக்குத் தந்த ஆஸ்பத்திரி கோட்டுகளை மாஸ்டர் வெட்டுகிறார். வீணாகப் பயந்து கைக்கு வந்ததை விட்டேனோ?

மார்ச் 29

ஏழு. ஐந்து.

மண்டைக்குள் இருந்த அந்தக் கோட்டு மாதிரியைத் தாளில் வரைந்து பார்த்தேன். பட்டை நல்ல யோசனைதான். ஆனால் பட்டன் தப்பான இடத்தில் இருந்தது, குனிந்தால் கையில் குத்தும். அன்றைக்கு அது என் கண்ணிலேயே படவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஏழு. ஆறு.

நான் கேட்கவில்லை. மாஸ்டர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நர்ஸ் அக்காவின் கோட்டுத் துணியை விரித்தேன். ஒரு கை வெட்டினேன். அட்டையைத் திருப்பி வைத்தேன். இன்னொரு கை. இரண்டையும் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன் — ஒன்று இடது, ஒன்று வலது.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. சின்னவளும் சேர்ந்துகொண்டாள். இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், "என்ன ஜோக்கு, எனக்கும் சொல்லுங்க" என்றார்.

மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.