மூன்று நிமிடத்தில் சின்னவன்

மே 4

கடையில் கேக் மேல் பெயர் எழுதுவது என் வேலை. இன்று ஒரு குழந்தையின் பெயர் கோணலாகப் போய்விட்டது. முதலாளியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "விடும்மா, வெட்டித் திங்கப் போறதுதானே" என்றார். நல்ல மனுஷி. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை, சுரண்டிவிட்டு மறுபடி எழுதினேன்.

கை கோணியதற்குக் காரணம், மத்தியானம் பெரியவளின் டீச்சர் போன் செய்ததுதான். லீவில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குத் தலைமைப் பயிற்சி முகாமாம். அங்கேயே தங்க வேண்டுமாம். இவள் பெயரைக் கொடுத்துவிட்டாராம். "கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்குறா. இப்படியே விட்டா சரியா வராதுங்க."

தலைவியாகி யாரை ஆளப் போகிறாள் என் மகள்? போதும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டுகிறாள். தம்பி போய் ஒன்றரை வருஷமாக இப்படித்தான். முன்பெல்லாம் வாய் ஓயாது. சின்னவன் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவான்.

மே 9

இவரிடம் கேட்டேன். "போகட்டும். நாமதான் மூணு பேரும் ஊமைப்படம் ஓட்டிட்டிருக்கோம், அவளாவது வெளிய போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊரார் வீட்டுக் கட்டில் பீரோவையெல்லாம் மாடி ஏற்றுகிறவர், சொந்த வீட்டில் ஒரு பேச்சைத் தூக்க முடியாமல் ஓடுகிறார்.

மே 17

கொண்டுபோய் விட்டோம். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மே 18

வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் இருந்தபோது மட்டும் என்ன கச்சேரியா நடந்தது? இருந்தாலும்.

மேசை இழுப்பறையைத் திறந்தேன். சின்னவனின் ஹெட்போன் அப்படியே இருக்கிறது. எடுக்கவில்லை, மூடிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சாயங்காலம் அறையில் நானும் பெரியவளும்தான் இருந்தோம். கட்டிலில் கிடந்த அந்த ஹெட்போனை எடுக்கப் போனாள். மூச்சு விடவே சிரமப்பட்டவன் கண்ணை உருட்டி, "தொட்டுப் பாரு… கொன்னுடுவேன்" என்றான். இவள் நாக்கைத் துருத்திக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார், உள்ளே கொண்டுபோனார்கள், தொண்டையில் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. பதினொரு வயசு. இவர் எங்கோ சோபா இறக்கிக்கொண்டிருந்தார், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் இது. சில நாள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நிற்பாள். "கொன்னுடுவேன்னு சொன்னான்லம்மா" என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம். சிரித்துச் சிரித்து அழுகையில் போய் முடியும். அவள் தானாக வாய் திறப்பது அதற்கு மட்டும்தான். இவரிடம் சொன்னதில்லை. மகனின் கடைசிப் பேச்சு இதுதான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மே 25

போன் செய்தாள்! "அம்மா, இன்னைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு பேசினேன்மா! கால் நடுங்குச்சு, ஆனா பேசிட்டேன்!" கத்துகிறாள். காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாளியம்மா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல, என் பொண்ணு பேசுறா" என்றேன். அந்த டீச்சர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருக்கிறது.

மே 31

முகாமின் கடைசி நாள். பெற்றோரையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் 'என் கதை' என்று மூன்று நிமிடம் பேச வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

பெரியவள் மேடை ஏறினாள். நிமிர்ந்து நின்றாள், அழகாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். தம்பியைப் பற்றி. ஆஸ்பத்திரி, அந்த அறை, ஜன்னல், எல்லாம் சரியாகத்தான் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என் தம்பி என் கையைப் பிடிச்சு கடைசியா ஒண்ணு சொன்னான். அக்கா, இனிமே என்னால பேச முடியாது. எனக்கும் சேர்த்து நீ பேசு."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

இவர் அழுதார். அடக்கம் செய்த அன்றுகூட அழாதவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திரும்பி வரும்போது வேனில் பெரியவள் பின்னால் தூங்கிவிட்டாள். இவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "நீயும் அங்கதானே இருந்த? அவன் இப்படிச் சொன்னான்னு எங்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

"சொல்ல வரலைங்க" என்றேன்.

ஜூன் 2

கேட்டுவிட்டேன். "அவன் அப்படிச் சொல்லலயேடி."

தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்மா. முதல்ல ஹெட்போன் கதையத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அங்க பேச்சுப் பழக்குற கோச் தனியா கூப்பிட்டு, இது வேலைக்காகாதும்மா, கேக்கறவங்க கையில எதையாவது கொடுத்து அனுப்பணும், உன் தம்பி நிஜமா என்ன சொல்ல நினைச்சிருப்பான்னு யோசின்னார். யோசிச்சேன். எழுதினேன். அப்புறம் பேச்சு தானா வந்துச்சும்மா."

"அது பொய்யில்லையா?"

"சொல்ல நினைச்சிருப்பான்லம்மா?"

நினைத்திருப்பானா? அவனா? ஹெட்போனைத் தவிர வேறெதையும் நினைத்திருக்க மாட்டான். அதுதான் என் பிள்ளை. குறும்பும் கஞ்சத்தனமுமாக, கடைசி மூச்சிலும் அக்காவோடு மல்லுக்கு நிற்கிற பிள்ளை. இவர்கள் மேடையில் காட்டியது யாரோ ஒரு ஞானிப் பையன். அவனை நான் பெறவில்லை.

இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். "சரி, சாப்பிட வா" என்றேன்.

ஜூன் 21

அந்தப் பேச்சைப் படம் பிடித்து நெட்டில் போட்டுவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களெல்லாம் பார்த்திருக்கிறார்கள். ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மா கவுன்ட்டருக்கு மேலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெத்திருக்கீங்க" என்று கண் கலங்கினார். பின்னால் வரிசை நின்றது. அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. என் மகனுக்காக நான் ஊருக்கு ஆறுதல் சொல்கிறேன். கூத்துதான்.

ஜூலை 12

முகாம்காரர்கள் ஏதோ கூட்டத்துக்குப் பெரிய கேக் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். மேலே எழுத வேண்டிய வாசகத்தை முதலாளியம்மா படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேற யாரையாவது எழுதச் சொல்லவா?"

"வேணாம், நானே எழுதுறேன்" என்றேன்.

'எனக்கும் சேர்த்து நீ பேசு.' நீல கிரீமில். என் கையாலேயே எழுதினேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 3

வீட்டில் இப்போது பேச்சுச் சத்தம் கேட்கிறது. தோழிகள் வருகிறார்கள். அறைக்குள் ஒரே சிரிப்பு. வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள், போய்ப் பேசிவிட்டு வருகிறாள். இவர் சின்னவனின் போட்டோவை வேனில் முன்னால் ஒட்டிவைத்திருக்கிறார். இத்தனை நாள் அந்தப் போட்டோவை நிமிர்ந்து பார்க்காதவர். சிக்னலில் நிற்கும்போது அவனோடு பேசுவாராம்.

எல்லாரும் தேறிவிட்டார்கள். நான்தான் பொல்லாதவள், நொட்டை சொல்லிக்கொண்டு.

அடுப்படிக்கு அவள் இப்போது வருவதில்லை. வருவாள், தட்டெடுக்க. அந்த ஹெட்போன் பேச்சுக்காக வருவதில்லை.

நவம்பர் 11

அவன் போன நாள்.

காலையில் அவளை அணைத்துக்கொண்டு, "தொட்டா கொன்னுடுவேன்னானே, படவா" என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

"அது எப்பம்மா?"

"என்னடி எப்ப? கடைசியா உங்கிட்ட சொன்னது."

"அது அதுக்கு முந்தி எப்பவோ சொன்னதும்மா. கடைசியா என் கையைப் பிடிச்சான்ல… நீ தண்ணி பிடிக்கப் போயிருந்தே. நீ பார்க்கல."

நடிக்கவில்லை. எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா? கண்ணில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நடந்தது என்று இருக்கிறாள்.

நான் தண்ணீர் பிடிக்கப் போனேனா? பாட்டில் காலியாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. போய்விட்டு வந்தபிறகுதானே அந்த ஹெட்போன் சண்டை? அல்லது அதற்கு முன்னாலா? ஐயோ, எனக்கே குழம்புகிறதே. இல்லை. இல்லை, நான் அங்கேதான் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

நவம்பர் 12

அங்கேதான் இருந்தேன்.

ஏப்ரல் 19

இந்த வருஷ முகாமுக்கு அவளைச் சின்ன கோச்சாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதுப் பிள்ளைகளுக்குக் கதை எழுதிக்கொடுக்க உதவ வேண்டுமாம். இவர் கடைக்கே வந்து எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மே 23

முகாமிலிருந்து போன். குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

"அம்மா, என் குரூப்ல ஒரு பொண்ணும்மா. அவங்க அம்மா போன மாசம்தான் இறந்துபோனாங்க. கடைசியா அவகிட்ட, குழாயைச் சரியா மூடுடின்னு திட்டினாங்களாம். அத எழுதியிருந்தா. நான்… இது வேலைக்காகாதும்மான்னு சொல்லிட்டேன். அம்மா நிஜமா என்ன சொல்ல நினைச்சிருப்பாங்கன்னு யோசின்னேன்."

"சரி."

"உடனே சரிக்கான்னு எழுதினத அடிச்சுட்டாம்மா. மறுபேச்சு பேசல. அழகா வேற எழுதிக் கொடுத்தா. நல்லாயிருக்குன்னு சொன்னேன். அவ போனதுக்கு அப்புறம் பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன்."

"கிளம்பி வந்துடறியா?" என்றேன். முடிந்துதான் வருவேன் என்றாள். அந்தப் பெண்ணிடம் போய் பழையதையே எழுதச் சொன்னாளாம். அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். "இதுதான்க்கா நல்லாயிருக்கு. அப்பாவுக்கும் இது பிடிக்கும்."

ஜூன் 1

வந்துவிட்டாள். பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, அவன் எங்கிட்ட கடைசியா என்ன சொன்னான்?"

சொன்னேன். அவன் கண்ணை உருட்டியது, மூச்சு வாங்கியது, இவள் நாக்கைத் துருத்தியது, எல்லாம். அவன் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை சொல் என்றாள். சொன்னேன். இன்னும் ஒரு தடவை. உதட்டைக் கடித்துக்கொண்டு, எங்கேயோ தேடுகிறவளாக நின்றாள்.

"வரலம்மா" என்றாள். "நீ சொல்றது கேக்குது. அவன் சொல்றது கேக்கல. அவனை நினைச்சாலே அந்த மேடைக் குரல்தான் வருது."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை பிள்ளையைப் பறிகொடுத்தேன். இவள் தம்பியை இரண்டு தடவை பறிகொடுத்திருக்கிறாள்.

ஜூன் 4

இனி அந்தப் பேச்சைப் பேச மாட்டேன் என்றாள். இரண்டு பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில்தான் இருப்பார்.

ஜூன் 5

சாப்பிட்டு முடித்தோம். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"இரு, அதுக்கு முந்தி" என்றார் இவர். போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "நேத்து ஒரு வீட்டுல பீரோ இறக்கினேன். அந்த ஆளுக்கும் பையன் தவறிட்டானாம். உன் பேச்சைப் போட்டுக் காட்டலாம்னா, எனக்கு இதுல எடுக்கத் தெரியல. எடுத்துக் கொடும்மா."

எடுத்துக் கொடுத்தாள். அவரே பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அந்த இடம் வந்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பெரியவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். முடிந்தது.

"என்னமோ சொல்லணும்னியேம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னொரு தடவை போடு" என்றார்.

போட்டாள்.