ஊசியை விட்ட பிறகும்

செவ்வாய், இரவு.

மறைவிடத்தில் மறுபடியும் கொப்புளம். நடந்தாலே எரிகிறது. அரைநாள் கூலி, அரைப்பேர் போதும் என்று மத்தியானமே தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து இறங்கிவிட்டேன். கங்காணியிடம் தலைவலி என்றேன்.

முன்பு வந்தது கர்ப்பத்தடை ஊசியின் சூடு என்று மாமியார் சொன்னதால்தான் போன தடவை ஊசியே போடவில்லை. விட்ட பிறகும் வந்திருக்கிறது. இனி எந்தச் சூட்டைச் சொல்வாரோ!

தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸியிடம் காட்டினேன்.

"இது சூடு இல்லம்மா, கிருமி. ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு ஒட்டுறது. அப்பப்ப திரும்ப வரும். பதுளை ஆஸ்பத்திரியில மாத்திரை குடுப்பாங்க. வீட்டுக்காரரயும் கூட்டிட்டுப் போ."

"அவருகிட்டருந்தா மிஸ்ஸி?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. வெளிய தெரியாமலே வருசக்கணக்கா கெடக்கும்."

அவர் சனிக்கிழமை கொழும்பிலிருந்து வருகிறார். மாமியார் கோழி அடிக்கப் போகிறாராம். நான் ஊசி போடாததே வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.