உன் பங்கு மூன்று கட்டிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. வெள்ளிக் கட்டிகளைச் சுத்தம் செய்ய வேண்டாம், கருத்தது கருத்தபடியே இருக்கட்டும், உன் பங்கு மூன்றையும் வாங்கிவர ஆள் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் ஒரு கட்டியைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போய் வெள்ளி வியாபாரியிடம் காட்டினேன். "கருப்பு ஒண்ணும் பண்ணாதும்மா, அது மேல மட்டும்தான். நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு முத்திரை அழிஞ்சுதுன்னா, அப்புறம் உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்லணும்" என்றார். நீ சொன்னதேதான்.

ஆனால் தம்பி, உன் அண்ணன் தேய்க்கிறார்.

டயர் கடையை விற்ற பணத்தில்தானே இரண்டு பேரும் சேர்ந்து ஆறு கட்டி வாங்கினீர்கள். பழைய ட்யூபை வெட்டிய ரப்பர் பட்டையால் அவற்றை இறுக்கிக் கட்டியது நீதான். ரப்பர் பட்ட இடமெல்லாம் இப்போது கரி பூசினாற்போல் இருக்கிறது. விலை ஏறட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்று அவர் சொன்னார். தரமாட்டார் என்று நினைத்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். யார் மேல் தப்பு என்று பேசுகிற காலமெல்லாம் போய்விட்டது. கடை இருந்த தெரு அவருக்கு மறந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியதும் சாப்பாடு எங்கே என்று கேட்கிறார். உனக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ மறக்கவில்லை.

பீரோவில் எதையோ தேடப் போனவர் கண்ணில் கட்டிகள் பட்டுவிட்டன. "தம்பிக்கு இப்படியா குடுக்கறது? அவன் என்ன நினைப்பான்?" என்று மூன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான். விடிந்தால் பல்பொடியும் கிழிந்த பனியன் துணியும்தான் வேலை. வீட்டில் பொடி மிஞ்சுவதில்லை, நான் உப்பு வைத்துப் பல் துலக்குகிறேன் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். ஒரு கட்டியில் முத்திரையோடு இருந்த நம்பர் பாதி போய்விட்டது. அவருடைய விரல் நுனியில் தோலும் போய்விட்டது. பிளாஸ்திரி ஒட்டினால் அதையும் உரித்துவிட்டுத் தேய்க்கிறார்.

உன் கடிதம் வந்ததும் பயந்துபோய், எல்லாவற்றையும் எடுத்து வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைத்தேன். பீரோவிலிருந்த துணிமணிகளையெல்லாம் கீழே இழுத்துப் போட்டுத் தேடினார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் போய் நின்றுகொண்டு, "வேலைக்கு வந்த பொம்பளை என் தம்பி பொருளைத் தூக்கிட்டா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். அந்தப் பொம்பளை நான்தான் தம்பி. எதிர்வீட்டுக்காரர் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து விட்டார். என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

அவர் தேய்த்த மூன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். துணி கைக்கு வந்ததும் மூச்சு அடங்கியது. என்மேல் இரக்கம்கூட வந்துவிட்டது அவருக்கு. "கோவிச்சுக்காதீங்க அக்கா. இந்த வீட்டம்மா வந்ததும் உங்க சம்பளத்தைக் குடுக்கச் சொல்றேன்" என்றார். அவங்க எப்ப வருவாங்க என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவ எங்க போனாலும் தங்கமாட்டா, வந்துடுவா" என்றார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டாக்டர் இனிமேல் எதுவும் திரும்பாது என்று சொல்லிவிட்டார். போகப்போக நடமாட்டமும் குறையும், பிறகு கையும் ஓயும் என்றார். அவர் சொல்வதைச் சொல்லட்டும் என்று மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகவே நானே ஒரு முடிவு செய்துவிட்டேன். தேய்கிற மூன்றும் எங்கள் பங்காகவே இருக்கட்டும். எண் அழிந்தாலும் எடை குறைந்தாலும் அது எங்களோடு போகட்டும். தொடாத மூன்றை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டேன். கருப்பும் ரப்பர் கோடும் அப்படியே இருக்கின்றன. மொத்தம் ஆறு என்பது அவருக்கு நினைவில்லை, அதனால் தேடவில்லை. உன் ஆள் வந்தால் லாக்கரைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட என்னால் முடியும். கணக்கு நேராகிவிடும்.

ஆனால் ஆளை அனுப்பாதே தம்பி. நீ வா.

உன் முகம் அவருக்குத் தெரியும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் முகமே போய்விட்டது. ஆனாலும் நீ எதிரே உட்கார்ந்து அண்ணா என்று கையை நீட்டினால் அவர் கொடுத்துவிடுவார் என்று நினைக்கிறேன். வாங்கிக்கொள். பளபளன்னு இருக்குண்ணா என்று ஒரு வார்த்தை சொல். நீ புறப்படும்போது அவற்றை என்னிடம் விட்டுவிட்டு லாக்கரில் இருப்பதை எடுத்துப் போ. கொடுத்து முடித்த பிறகு அந்தக் கைகள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று யோசிக்க எனக்கு இப்போது தெம்பில்லை. அதற்கும் சேர்த்துத்தான் வா என்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அவர்கள் அப்பா என்று கூப்பிடும்போதெல்லாம், கூப்பிடுவது யாரென்று கடைசிவரை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக வாழ்த்த எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணி