லிசா உட்காரும் மேசை

அன்பு மகள் லியெனுக்கு,

அப்பா எழுதுவது. ப்ரூமில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே செயின்ட் ஆல்பன்ஸில் நானும் உன் அம்மாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடுநடுவே சண்டை போடுகிறோம், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீ கூப்பிட்டுக் கூப்பிட்டும் அம்மா போனை எடுக்கவில்லை, என்னப்பா ஆச்சு, ஒளிக்காமல் சொல்லு என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். ஒளிக்கிற அளவு புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்த வயதில் நகம் அலங்கரிக்கிற கடையில் ஊரார் கால் நனைத்த தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு இருப்பேனா? போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் கார் தொழிற்சாலையில் காதைத் தொலைத்தவன் நான், நான் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கும், உன் அம்மாவுக்கோ சமையலறையில் நின்றால் வாசலில் இலை விழுவதுகூடக் கேட்கும். அதனால்தான் தபால். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, பின்பக்கத்து எலுமிச்சை வாடிவிட்டது, உங்கள் ஊரில் இன்னும் மோசமாக இருக்கும், தண்ணீர் நிறையக் குடி, கடலில் முதலை உண்டு என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் இறங்காதே, மற்ற நர்ஸ் பெண்கள் இறங்கினாலும் நீ இறங்காதே.

போன குளிர்காலத்தில் அம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் வெடித்துப் பிளந்தது உனக்குத் தெரியும், நீதான் படத்தைப் பார்த்துவிட்டு, ஒட்டு நகத்துக்குப் பவுடரோடு கலக்கிற அந்தத் திரவம் ஒத்துக்கொள்ளவில்லை, இனி அதைத் தொடவே கூடாது என்று சொன்னாய். இங்கே டாக்டரும் அதையேதான் சொன்னார். அம்மா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டாள், கேட்டபடி நடக்கவில்லை. நீ பெட்டி பெட்டியாக அனுப்பிய கையுறையை மட்டும் போட்டுக்கொண்டாள். அதில் வந்த வம்புதான் இது. நகத்தை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யும்போது கண் பாதிதான் வேலை செய்யும், மீதி வேலை கட்டைவிரலுக்கு. நகத்தின் இரண்டு பக்கச் சுவரையும் தேய்த்து, தோலை ஒட்டிய ஓரத்தை இழைத்து, மேல்பரப்பை ஒன்றாகச் சேர்த்துவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டுவாள், எங்கே தட்டுகிறதோ அங்கே மறுபடி அரம் போகும். கையுறைக்குள் அந்த விரல் செத்துப் போய்விட்டது. அதனால் கட்டைவிரல் பதவி எனக்குக் கிடைத்தது. அவள் தேய்ப்பாள், பிறகு தலையை நிமிர்த்தாமல் “ஏங்க, தடவிப் பாருங்க” என்பாள், நான் துண்டை மடித்துப்போட்டுவிட்டு ஓடி வந்து அந்தப் பெண்களின் நகத்தைத் தடவி இடது பக்கம் மேடு, ஓரத்தில் திட்டு என்று சொல்வேன். வாடிக்கைக்காரிகளுக்கு ஒரே சிரிப்பு. இவ்வளவு வருஷம் கட்டிய மனைவியின் கையைப் பிடிக்காதவன் ஊர்ப் பெண்கள் கையையெல்லாம் பிடிக்கிறான் பார் என்று உன் அம்மாவும் நம் மொழியில் சொல்லிச் சிரித்தாள். அந்த மாதங்களில் எங்களுக்குள் அவ்வளவாகச் சண்டைகூட இல்லை.

பிறகு நொலீன் மகளின் கல்யாணம் வந்தது. நொலீனை உனக்கு ஞாபகம் இருக்கும், குதிரைப் பந்தயத்துக்கு முந்தின நாள் பெரிய தொப்பியோடு வந்து உட்காருவாளே, கடை திறந்த வருஷத்திலிருந்து லிசாவை, அதாவது உன் அம்மாவைத் தவிர யாரிடமும் கையைக் கொடுக்காதவள். மணப்பெண், தோழிகள், நொலீன் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள், எல்லாருக்கும் நீள நகம், எல்லாம் அம்மாவின் மேசையில். அவள் தேய்க்கத் தேய்க்க நான் தடவினேன். அவளுக்கு விரலில் உணர்ச்சி இல்லை, எனக்கோ பயம், கல்யாணப் பெண்ணின் கை, ஒரு சின்ன மேடுகூட இருக்கக் கூடாது என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் எங்கே வேலை பழகினவன்? கார் உடம்புக்குப் பட்டி பார்த்துத் தேய்க்கிற பிரிவில். அங்கே கைக்கு மேடு தட்டினால் அது குற்றம், கதவு கண்ணாடிபோலத் தட்டையாக வர வேண்டும், மேற்பார்வைக்காரன் தட்டிக்கொடுப்பான். நகத்துக்கு அப்படி இல்லை, நடுவில் மீன் முதுகுபோல ஒரு மேடு நிற்க வேண்டும், பாரத்தைத் தாங்குவது அதுதான். உன் அம்மாவின் கட்டைவிரலுக்கு அதை விட்டுவிட்டு மற்றதைத் தேடத் தெரியும். என் கட்டைவிரல் அதையே பிடித்துக் குற்றம் சொல்லிவிட்டது. எல்லா நகமும் பளபளவென்று கார்க் கதவுபோல வந்தன, மேலே விளக்கு வெளிச்சம் நேர்க்கோடாக ஓடியது, நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணத்தன்று மோதிரம் போடும்போதே மணப்பெண்ணுக்கு ஒரு நகம் முறிந்தது, கேக் வெட்டுவதற்குள் தோழிகளுக்கு எத்தனை என்று நொலீன் எண்ணிச் சொன்னாள், எனக்குக் கேட்க மனம் இல்லை.

இதற்காகக் கடை முதலாளியான உன் தோவான் மாமா அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை, அதையும் நியாயமாக எழுதிவிடுகிறேன். அவன் சிரித்தான். என்னைப் பார்த்து, “மச்சான், அடுத்த தடவை பெயின்டும் அடிச்சு நம்பர் பிளேட்டும் மாட்டி அனுப்பிடுங்க” என்றான், கடையே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. அம்மா எல்லாரையும் திரும்ப வரவழைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். நான் மீன் முதுகைத் தொடாமல் தடவக் கற்றுக்கொண்டேன், சொன்னால் நம்ப மாட்டாய், ஓரளவு வந்துவிட்டது. மேசை அவளுடையதாகவே இருந்தது.

அதற்குப் பிறகுதான் நீ மாமாவுக்குப் போன் செய்தாய். ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன், எனக்குத் தெரியும், அந்தக் கைகளைப் படத்தில் பார்த்த நர்ஸ் யாராக இருந்தாலும் செய்திருப்பாள், என் மகள் செய்யாமல் இருப்பாளா? ஆனால் உன் மாமாவை உனக்குத் தெரியாது. கடைப் பத்திரத்தில் அவன் பேர் இருக்கிறது, வாடிக்கை முழுக்க உன் அம்மாவின் கையில் இருந்தது, அது அவனுக்கு எப்போதுமே தொண்டையில் முள். அடுத்த திங்கட்கிழமை காலையில் நாங்கள் போனபோது அம்மாவின் மேசையில் புதிய விளக்கு, மெஷின் அரம், பின்னால் குயென் என்று ஒரு பெண், அங்கே நம் நாட்டில் பியென் ஹோவாவிலிருந்து வந்தவள், உன்னைவிடச் சின்னவள். மாமா அத்தனை பேர் எதிரிலும் சொன்னான், “அக்கா, நான் சொல்லல, உன் மகளே சொல்லிட்டா. அம்மாவ மேசையில உக்கார வைக்காதீங்க மாமான்னு அழுதா. நர்ஸ் சொன்னா கேக்கணும்ல?” அக்கறையாகத்தான் சொன்னான். அப்படி ஒரு அக்கறையை நான் எந்த எதிரிக்கும் விரும்ப மாட்டேன். அம்மா கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை, அப்படியே நடந்து முன்பக்கம் போய் கல்லா மேசையில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் உனக்காகத்தான் பேசினேன், நம்பு. “எத்தனை தடவ அவ உன்கிட்டயே சொன்னா, நீ கேட்டியா?” என்று அம்மாவிடம் கேட்டேன். அதற்கு அவள், “என்கிட்ட சொன்னது வேற. என் தம்பிகிட்ட போய்ச் சொன்னது வேற” என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு உன் பேரை எடுத்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறாள்.

கடை வழக்கம் உனக்குத் தெரியும், நீயும் காலேஜ் விடுமுறையில் ஜென்னி என்ற பேரில் உட்கார்ந்தவள்தானே. பேர் மேசைக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. ஒரு கெவின் போனால் அடுத்து வருகிறவன் கெவின், அப்படித்தான் நானும் கெவின் ஆனேன், எனக்கு முன்னால் இருந்த கெவின் அழகன் என்று இன்னமும் கிழவிகள் பெருமூச்சு விடுகிறார்கள். நாம் எல்லாரும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது குயென்தான் லிசா. போன் அடிக்கும், எடுப்பவள் உன் அம்மா, அந்தப் பக்கம் லிசா இருக்கிறாளா என்று கேட்பார்கள், இருக்கிறாள், மூன்று மணிக்கு வாருங்கள் என்று இவளே சொல்லி எழுதிக்கொள்வாள். நாள் முழுக்க இது. குரலை வைத்துக்கூட யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவர்களுக்கு எப்போதும் கை தெரியும், குரல் தெரியாது. அந்தக் குயெனும் பாவம், நல்ல பெண், அம்மாவை அத்தை என்று கூப்பிட்டுத் தேநீர் போட்டு வைக்கிறாள், வெறுக்கக்கூட வசதியான ஆளை உன் மாமா கொண்டுவரவில்லை.

போன வாரம் நொலீன் வந்தாள். மகளின் நகங்கள் முறிந்ததை மன்னித்துவிட்டு லிசாவிடம் நேரம் வாங்கி வந்திருக்கிறாள். மேசைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, இது யார் என்று அம்மாவிடம் கேட்டாள். லிசா என்றாள் அம்மா. நொலீன் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்போ நீ யாரு?” என்றாள். இத்தனை வருஷத்தில் உன் அம்மாவைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. உன் அம்மா, “நான் போன் எடுக்கிறவ” என்றாள். தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த நான் குனிந்தபடியே இருந்தேன். நொலீன் போய்க் குயெனிடம் உட்கார்ந்தாள், மனுஷிக்கு வேறு வேலை இருக்கிறது, நகமும் வேண்டும். எல்லாம் முடிந்து எண்ணெய் தடவியதும் கல்லாவுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டி, நீ ஒரு தடவை தடவிப் பார்த்துச் சொல் என்று கேட்டாள். குயெனும் பின்னாலேயே வந்து பரீட்சை எழுதின பிள்ளைபோல நிற்கிறாள். அம்மா இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “அழகா இருக்கு” என்றாள். அழகாக இல்லாத நகத்தை அவள் அழகு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குக் காரில் வரும்போது தானாகச் சொன்னாள், மோதிர விரலில் இடது பக்கம் மேடு, கல்லாவிலிருந்தே தெரிந்தது, வெளிச்சம் அங்கே வந்து வளைந்தது என்று. சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் யார் தேய்ப்பது என்றாள்.

இப்போது உனக்குச் சந்தோஷமான செய்தி. அம்மாவின் கை ஆறிவிட்டது. வெடிப்பு ஒன்றுகூட இல்லை, திரவத்தை விட்டு விலகியதும் தோல் குழந்தைத் தோல்போல வந்துவிட்டது, நீயும் டாக்டரும் சொன்னது அப்படியே நடந்தது. கட்டைவிரலில் பழைய உணர்ச்சியும் திரும்பிவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், டிவி பார்க்கும்போது சோபா கைப்பிடியை அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறாள், கிண்ணத்து விளிம்பைத் தடவுகிறாள், நேற்று என் கன்னத்தைத் தடவிவிட்டுச் சவரம் சரியில்லை, காது ஓரத்தில் விட்டிருக்கிறீர்கள் என்றாள். எல்லாம் தெரிகிறது அவளுக்கு. உட்கார மேசைதான் இல்லை. திரும்ப உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் மறுபடி பிளந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும், அதனால்தான் மாமாவிடம் கேட்கவும் இல்லை. நீ சொன்னது தப்பாகப் போயிருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு எப்போதோ போனை எடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். சரியாகப் போய்விட்டது, அவள் என்ன செய்வாள், சொல்லு.

தேத் புத்தாண்டுப் பண்டிகைக்கு லீவு கிடைத்திருக்கிறது, வரட்டுமா என்று கேட்டிருந்தாய். சோறு போடும்போது மெதுவாக அம்மாவிடம் சொன்னேன், என் மெதுவு உனக்குத் தெரியும், நாய் குரைத்தது. அவள் எழுந்து போகவில்லை, அதுவே பெரிது. பெட்டியிலிருந்து உன் போர்வையை எடுத்து வெயிலில் போட்டாள். பன்றிக்கறியும் முட்டையும் தேங்காய்த் தண்ணீரில் வேகவைக்க உனக்குப் பிடித்த அளவுக்கு வாங்கச் சொன்னாள். கடைசியில், “வரட்டும். ஆனா என் கையப் புடிச்சுத் திருப்பிப் பாக்கக் கூடாது. நர்ஸா வர்றதா இருந்தா அங்கேயே இருக்கட்டும்” என்றாள்.

வா மகளே. விமானத்தில் குளிரும், மேலே போட ஏதாவது எடுத்து வை. வந்து இறங்கும்போது மாமா கடைப்பக்கம் போக வேண்டாம், நேராக வீட்டுக்கு வா, மாமாவை இரண்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம், அவனுக்கும் பண்டிகை உண்டு. புத்தரும் நம் முன்னோரும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நோயாளிகள் உன்னை வாழ்த்தட்டும், புது வருஷத்தில் உனக்கு எல்லாம் நல்லதாக நடக்கட்டும். கதவைத் திறந்ததும் அம்மா ஓடி வந்து உன் முகத்தை இரண்டு கையாலும் பிடிப்பாள், பிடிக்காமல் இருக்க அவளால் முடியாது. பிடிக்கட்டும். நீ அசையாமல் நில், கண்ணை மட்டும் அவள் கைப்பக்கம் இறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா கியெம்