பெட்ரோலா மெதனாலா என்று கேட்ட மகளுக்கு

பேக்கர்ஸ்ஃபீல்ட்
1975 மே 12, திங்கள்

அன்பு மகள் டெல்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை வெண்டலும் அந்த இண்டியானா ஈரக்காற்றில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, வெங்காய வயல் புழுதி ஜன்னலைச் சாத்தினாலும் படுக்கை வரைக்கும் வந்துவிடுகிறது. ஐடா சித்திக்குப் பித்தப்பைக் கல் எடுத்தாயிற்று, அந்தக் கல்லை ஒரு பாட்டிலில் போட்டு ஆலயத்துக்கே கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டுகிறாள், போதகர் மனைவி பார்த்துவிட்டு அன்றைக்கு மதியம் சாப்பிடவே இல்லையாம். அப்பாவுக்கு நீ எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அவர் விரல்கள் பேனா பிடிக்காது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதுதான் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை அவர் சொன்னதும் இதில் இருக்கும், அவருக்குத் தெரியாமல் நான் சொல்வதும் இருக்கும், அனுப்புமுன் அவரிடம் வாசித்துக் காட்டப்போவதில்லை. போனில் பேசியிருக்கலாம், ஆனால் நம் வீட்டுப் போன் சமையலறைச் சுவரில்தானே இருக்கிறது, அவர் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து சோறு தண்ணீர் இறங்கவில்லை. இந்த மாதக் கடைசி ஞாயிறு பந்தயத்துக்குள் உன் வண்டிக்கு இரண்டு கார்புரேட்டரோடு பெட்ரோலையே வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மெதனாலும் அதை இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற இன்ஜெக்ஷனும் போடுவதா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். பெட்ரோலில் ஓடினால் வெயில் ஏற ஏறக் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே நிற்க வேண்டும், மெதனால் என்றால் இன்ஜின் குளுகுளுவென்று இருக்கும், காலையில் வைத்த அளவே சாயங்காலமும் சரியாக இருக்கும் என்று வெண்டல் சொல்வதாக எழுதியிருந்தாய். மாப்பிள்ளை தங்கமான பிள்ளைதான், ஆனால் உதிரிபாகக் கடைக்காரர் அனுப்பும் புத்தகத்தை வேதம் போலப் படிக்கிறார் என்று சொல்லி நான் சிரிக்கப் பார்த்தேன். அப்பா சிரிக்கவில்லை. "அந்தப் பய சொன்னதுலயே உருப்படியான பேச்சு இதான், மெதனாலே போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். நான் அதை எழுதவில்லை. "பெட்ரோலே போதும் என்று அப்பா சொல்கிறார்" என்று எழுதிவிட்டேன். கண்ணாடி போடாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது, எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலையில் தபால்காரர் எடுத்துப்போக அதை நம் வாசல் தபால்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன், தபால்காரர் தெருமுனையில் திரும்புவது தெரிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் எடுத்துக் கிழித்துப் போட்டேன். இந்தக் குடும்பத்தில் என்னால் ஒரு பொய் ஏற்கெனவே நடமாடுகிறது, இரண்டாவதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆகவே அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மெதனால் பெட்ரோலைப் போல இரண்டு பங்கு குடிக்கும், அதனால் இருக்கிற பம்பும் இருக்கிற குழாயும் உதவாது, எல்லாம் பெரிதாக வேண்டும். பெட்ரோல் ஓடின பழைய ரப்பர் குழாய் ஒரு சாண்கூட வண்டியில் மிஞ்சக் கூடாது, மெதனால் பட்டால் ஊறி நழுவிவிடும். ஓட்டம் முடிந்த அன்றே டாங்கியைக் காலி செய்து பெட்ரோல் விட்டு அலசிவிட வேண்டும், "நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா உள்ள வெள்ளையாப் பூத்துப்போயி நாசமாயிரும், அவ சோம்பேறி, அதனால ரெண்டு தடவ சொல்லு" என்றார், இரண்டு தடவை சொல்லியாயிற்று என்று வைத்துக்கொள். எண்ணெய் பால் மாதிரி வெளுத்தால் உடனே மாற்ற வேண்டும். எரிபொருளை அடைக்கிற கைப்பிடி, பெல்ட்டை இறுக்கிக் கட்டிய பிறகும் கைக்கு எட்ட வேண்டும், எட்டுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்ஜினோடு சுழல்கிற ஃப்ளைவீல் சக்கரத்தின் பக்கமாகப் போகிற குழாய்க்கு இரும்பு உறை போட வேண்டும். எரிபொருள் அழுத்தம் காட்டுகிற மீட்டரை உன் முன்னால் வைக்கவே கூடாது. இதைச் சொல்லிவிட்டு அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார், நானும் பார்த்தேன்.

இன்னும் வேகத்துக்கு மெதனாலில் நைட்ரோ கலக்கலாமா என்று நீ கேட்டதற்கு, "அவளுக்குப் பைத்தியமா" என்பது மட்டும்தான் பதில்.

இனி நான் சொல்வது. அப்பாவுக்குத் தீப்பட்டது உனக்குத் தெரியும், அப்போது உனக்கு ஒன்பது வயது. "நடீன் அன்னிக்கு விடாம ஹாரன் அடிக்கலேன்னா நான் இன்னிக்குக் கல்லறையில படுத்திருப்பேன்" என்று ஒவ்வொரு நன்றிநாள் விருந்திலும் வான்கோழியை வெட்டுமுன் அவர் என்னைக் காட்டிச் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள் நீ. இப்போது உன் கடிதத்தின் கடைசியில், "அம்மா கண்டுபிடிச்ச மாதிரி வெண்டலும் கண்டுபிடிச்சிருவாரு, பின்னாலேயே வண்டியில வர்றாரு, பயப்படாதீங்க" என்று எழுதியிருக்கிறாய்.

நான் கண்டுபிடிக்கவில்லை டெல்லா. அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போதெல்லாம் நம் வண்டிக்கு ஸ்டார்ட்டர் கிடையாது, நான்தான் பிக்கப் வண்டியால் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்புவேன், அவர் ஓடி முடித்ததும் ஓடுதளத்தின் கடைசிக்குப் போய் இழுத்து வருவேன். பந்தயக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். மெதனால் போட்டு அது மூன்றாவது ஞாயிறு. உச்சிவெயில். கால் மைல் தூரத்தைப் பத்து நொடிக்குக் கீழே முதல்முறையாக ஓடியிருந்தார், ஒலிபெருக்கியில் சொன்னதும் நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே கடைசிக்குப் போனேன். ஜெயித்தால் அவர் இறங்கி ஒரு ஆட்டம் போடுவார், தொடையில் தட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் குதிப்பார், சில சமயம் தரையில் விழுந்துகூடப் புரள்வார், அவர் கூத்தைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். அன்றைக்கும் குதித்தார். தொடையில் தட்டினார். தரையில் புரண்டார். நான் வண்டியில் உட்கார்ந்தபடி சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தேன், கல்யாண ஊர்வலத்தில் அடிப்பார்களே அப்படி. மெதனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, புகை கிடையாது, நிறம் கிடையாது. மீட்டருக்குப் போகிற பழைய ரப்பர் குழாய் நழுவி அவர் மடியிலும் கையிலும் கொட்டிப் பற்றியிருக்கிறது, என் புருஷன் என் கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்கிறார், நான் ஹாரன் அடிக்கிறேன். அவருடைய கையுறை தானாகச் சுருங்குவதைப் பார்த்த பிறகுதான் அது தீ என்று எனக்குப் புரிந்தது. அதற்குள் ஹாரன் சத்தம் ஏன் ஓயவில்லை என்று பார்க்க வந்த இரண்டு பேர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்துவிட்டார்கள். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது. அவர் விரல்கள் அந்த நேரத்தில்தான் போயின என்று மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் "ஹாரன் அடிச்சுக் காப்பாத்திட்டியேடி" என்றார். உண்மையை நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. நீ அவரிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, உன்மேல் எனக்கு வருத்தம் வராது. ஆனால் நீ நம்பியிருக்கிற அந்தக் காவல் பொய் என்பது உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவரோடு பத்து வருடம் குடும்பம் நடத்திய எனக்கே தெரியவில்லை, வெண்டலுக்கு எங்கிருந்து தெரியும்? பெட்ரோல் தீ என்றால் மஞ்சளாகத் தெரியும், கரும்புகை வரும், குருடனுக்கும் மூக்கில் ஏறும். அதனால் பெட்ரோலே போதும் என்பதுதான் என் ஆசை. இன்ஜினைப் பற்றி அப்பா சொல்வது சரியாகத்தான் இருக்கும், நான் பேசுவது இன்ஜினைப் பற்றி இல்லை.

மெதனால்தான் என்று முடிவு செய்துவிட்டால் எனக்காக ஒன்றே ஒன்று செய். போன மாதம் அனுப்பியிருந்த படத்தில் ஓடுதளக் கடைசியில் கையைத் தூக்கி ஒற்றைக்காலில் குதிக்கிறாய், அப்படியே அப்பா. அவர் அதை ரேடியோ மேல் சாய்த்து வைக்கிறார், அவர் வெளியே போனதும் நான் கவிழ்த்து வைக்கிறேன். இனி ஓட்டம் முடிந்து இறங்கினால் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் நில். கையோ காலோ கொஞ்சம் ஆடினால்கூட ஏன் என்று கேட்காமல் வெண்டல் உன்மேல் தண்ணீரைக் கொட்ட வேண்டும், அவருடைய வண்டியில் எப்போதும் நான்கு வாளி நிறைந்திருக்க வேண்டும், அவருக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வீணாகக் கொட்டினால் நனைந்துபோவாய், அவ்வளவுதான். கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை நீதான் ஜெயிப்பாய் என்று அப்பா சொல்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஜெயித்தால் வீட்டுக்கு வந்து ஆடு, விடிய விடிய ஆடு. அங்கே மட்டும் ஆடாதே, என் கண்ணே.

இப்படிக்கு,
உன் அம்மா
நடீன்