பள்ளத்துப் பக்கத்துக் கால்

இன்னர்ஃபால்ஸ்,
28 ஜனவரி 1979

அன்புள்ள கஸ்பர்,

இங்கே நாங்கள் நலம். அங்கே ஜப்பானில் பனிச்சறுக்கு கற்றுத்தரப் போன நீயும் நலமாக இருக்க வேண்டுமென்று ஆக்னஸ் தினமும் சூப்பில் கரண்டியை வைக்கும் முன் சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகுதான் சாப்பாடு.

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நம் வாடகை அறைகளில் இரண்டு ஹாலந்துக் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. காலையில் முட்டை, மாலையில் ரொட்டி உருண்டை சூப், நடுவில் அடுப்பைச் சுற்றி அவர்களுடைய ஈரக் காலுறைகள். உன் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, புர்கி இல்லாவிட்டால் நான் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

ஆக்னஸுக்கு இருமல் விட்டுவிட்டது. ஆனாலும் அவள் தூங்கியதும் ஒருமுறை போய் மூச்சைக் கேட்டுவிட்டு வருகிறேன். நீ இருந்தால் சிரிப்பாய். முன்பல் ஒன்று விழுந்தது. நீ வரும்வரை தீப்பெட்டியில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆக்னஸுக்கு ஆறு வயதாகிவிட்டது. இந்த வருஷம் மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று தாய்-பிள்ளைப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் அவளும் இறங்க வேண்டும். தாய் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் அத்தையோ சித்தியோ சறுக்குவது வழக்கம். சறுக்கியவள் மார்பில் கட்டிய எண் துணியை ஈஸ்டர் வரை வீட்டு மாடத்தில் தொங்கவிடுவதும் ஊர் வழக்கம்தானே. பள்ளியில் யாரோ அவளைக் கேட்டிருக்கிறார்கள், ஈஸ்டர் வரை உங்கள் வீட்டு மாடத்தில் யாருடைய எண் துணி தொங்கும் என்று. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் கற்றுக்கொள்கிறேன். ஆமாம், நான்தான். நாணல் ஏரிக்கரையில், எறும்புப் புற்றைத் தவிர மேடே இல்லாத ஊரில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் நீ என்னை மலையேற்றும் ஏறுகயிற்று நாற்காலியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனதும், உச்சியில் நான் அழுததும், சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கியதும் ஊரே அறிந்த கதை. கசாப்புக் கடை சாங்கர்ல் இன்னும் என்னை 'நடந்து வந்த மணப்பெண்' என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆக்னஸ் பள்ளிக்கும் விருந்தினர்கள் மலைக்கும் போனதும், மாட்டுக்கொட்டில் பின்னாலுள்ள சரிவில் ஒரு மணி நேரம் புர்கி கற்றுத் தருகிறாள். கட்டைகளைப் பக்கவாட்டில் படிபோல் வைத்து ஏறி, கலப்பை போட்டு இறங்குகிறேன். நுனிகள் ஒட்டியும் வால்கள் விரிந்தும். நேராக இறங்க வந்துவிட்டது. திரும்பத்தான் வரவில்லை. திரும்பும் நொடியில் பள்ளம் தெரிந்ததும் உடம்பு தானாக மலைப்பக்கம் சாய்கிறது, கட்டைகள் கீழே ஓடுகின்றன, நான் உட்கார்ந்துவிடுகிறேன். புர்கி சொல்கிறாள், "மலை உங்கள பிடிச்சுக்கும்னு சாயாதீங்க அண்ணி, அது பிடிக்காது. பள்ளத்துப் பக்கத்துக் கால நம்பி நில்லுங்க."

எனக்கு எழுது. உன் சொல் இருந்தால் பயம் குறையும்.

உன்
ரோஸ்விதா


இன்னர்ஃபால்ஸ்,
4 மார்ச் 1979

என் கஸ்பர்,

பிப்ரவரி பதினொன்றாம் தேதியிட்ட உன் கடிதம் வந்தது. நாரை படம் போட்ட தபால்தலையை ஆக்னஸ் எடுத்துக்கொண்டாள். கடிதத்தை ஏப்ரனில் வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் சூப் பட்டுவிட்டது, மன்னித்துவிடு.

"உன்மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. கீழே நின்று உன்னைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் வருத்தம்" என்று எழுதியிருந்தாய். சரிவின் உச்சியில் நின்று அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு இறங்குகிறேன். வேலை செய்கிறது.

நேற்று முதல் முறையாகப் பன்னிரண்டு திருப்பம், விழாமல். புர்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். பயந்தால் என் கைகள் பின்னால் போய்விடுகின்றன. கோல்களைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைத் தட்டைக் கையில் கொடுத்தாள், மேலே ஒரு காலிக் கோப்பையுடன். "தினம் முப்பது சூப் சிந்தாம கொண்டுபோறீங்க இல்ல, இதையும் கொண்டுபோங்க" என்றாள். தட்டு முன்னால் இருந்தால் உடம்பு முன்னால் வருகிறது, உடம்பு வந்தால் பாரம் வெளிக்காலில் இறங்குகிறது, கட்டை தானாகத் திரும்புகிறது. இவ்வளவுதானா என்று இருந்தது. நான்காவது திருப்பத்தில் கோப்பை விழுந்தது, நான் விழவில்லை. நாங்கள் இருவரும் பனியில் உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்து மாடுகள் கத்தின.

புர்கி சில நேரம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிவிடுகிறாள். வேலை அதிகம், பாவம். ஆக்னஸும் பந்தயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உதட்டை மடித்துக்கொள்கிறாள். பயம் போலிருக்கிறது. என் பிள்ளைதானே.

பந்தயத்தில் பதினெட்டுக் கம்பங்கள். கடைசியாக வந்தாலும் வருவேன். உன் சட்டைகளுக்கு அங்கே பொத்தான் தைத்துத் தர ஆள் இருக்கிறதா?

உன்
ரோஸ்விதா


இன்னர்ஃபால்ஸ்,
சூசையப்பர் திருநாள், 1979

கஸ்பருக்கு,

எல்லோரும் நலம். ஆக்னஸ் நலம். மாடுகள் நலம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ கவலைப்பட வேண்டாம்.

நேற்று முன்தினம் பங்கேற்பவர் பட்டியலைத் தீயணைப்புக் கொட்டகைக் கதவில் ஒட்டினார்கள். ரொட்டி வாங்கப் போனவள் நின்று பார்த்தேன். பதினான்காம் எண், ஆக்னஸ். அதற்கு நேரே தாய் என்ற இடத்தில் வால்புர்கா, நம் புர்கிதான். எழுத்துப் பிழை என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே, பந்தயத்தை நடத்தும் சாங்கர்ல் கடைக்குப் போய்த் திருத்தச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, புர்கியிடம் கேட்கச் சொன்னார். கடையில் இருந்த மூன்று பெண்களும் இறைச்சியைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புர்கி மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதே நாரைத் தபால்தலை, அதே நீல மை, அதே பிப்ரவரி பதினொன்று. எனக்கு எழுதி முடித்துவிட்டு இதை எழுதினாயா, இதை எழுதிவிட்டு எனக்கு எழுதினாயா என்று அதிலிருந்து தெரியவில்லை. நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், மறந்திருக்கலாம்: "ரோஸ்விதாவால ஆகாது, உனக்கும் தெரியும். ஊர் முன்னால விழுந்து ஆக்னஸ் தலைய குனிய வெச்சிடுவா. நீயே பேர் கொடுத்திடு. பழகிட்டுப் போகட்டும், பொழுது போகும். அன்னைக்கு சூப் அண்டாவுக்கு அவள நிறுத்திடு. குழந்தைகிட்ட மட்டும் சொல்லி வை."

பொழுது போகும். ஏழு வாரம் மாட்டுக்கொட்டில் பின்னால் நான் விழுந்து எழுந்தது எனக்குப் பொழுதுபோக்கு.

புர்கியிடம் கத்தினேன். எனக்குக் கத்தத் தெரியும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அவள் அழுதாள். "கத்துக்கொடுத்தது பொய் இல்ல அண்ணி. நீங்க பன்னிரண்டு திருப்பம் போட்ட அன்னைக்கே அண்ணனுக்குத் தந்தி அடிச்சேன், பதில் தந்தி வந்துச்சு, வேண்டாம்னு" என்றாள். அந்தத் தந்தியையும் காட்ட வந்தாள். நான் பார்க்கவில்லை.

பட்டியல் ஒட்டிய பிறகு பெயரை மாற்ற முடியாது என்பது உனக்கும் தெரியும், விதி எழுதியவர்களில் நீயும் ஒருவன். ஆக்னஸைப் பந்தயத்திலிருந்து நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. அவள் என்ன செய்தாள், அப்பா சொன்னதைக் கேட்டாள்.

இன்று காலை நான் சூப் அண்டாவிடம் நிற்கவில்லை. என் கட்டைகளை எடுத்துக்கொண்டு ஏறுகயிற்றில் உட்கார்ந்தேன், இந்த முறை தனியாக. உச்சியில் சாங்கர்ல் தடம் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். பந்தயத்துக்கு முன்னால் எண் இல்லாமல், நேரம் எடுக்காமல் ஒருவர் கம்பங்களைச் சுற்றி இறங்குவார்களே, அந்த முன்னோடி. நான் போகிறேன் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயாம்மா? நீ போய்ச் சேர்றதுக்குள்ள ஈஸ்டர் வந்துடுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நேரம் கணக்கில் வராது, பெயர் எழுத மாட்டோம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. கயிற்றை விலக்கினார்.

சொல்லிக்கொள்ள உன் வாக்கியம் இல்லை, கஸ்பர். அதைத்தான் முதலில் தேடினேன். நாக்கு வரை வந்தது, துப்பினேன். தட்டை மட்டும் நினைத்துக்கொண்டேன். முதல் திருப்பம், இரண்டாவது, மூன்றாவது. கலப்பைதான், அழகெல்லாம் இல்லை. பதினோராவது கம்பத்துக்கு மேலே பனி கண்ணாடியாக இறுகியிருந்தது. பழையபடி மலைப்பக்கம் சாய்ந்தேன், கம்பத்தைத் தாண்டிக் கீழே போய் விழுந்தேன். நீ சொன்னது போலவே ஊர் முன்னால். கீழேயிருந்து யாரோ போதும் வா என்று கத்தினார்கள். நான் எழுந்து, கட்டைகளைப் படிபோல் வைத்து மேலே ஏறி, அந்தக் கம்பத்தைச் சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன். எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று இருந்தது. பதினெட்டையும் சுற்றினேன்.

பிறகு பந்தயம் நடந்தது. புர்கியும் ஆக்னஸும் இரண்டாம் இடம். நான் போய்ச் சூப் ஊற்றினேன்.

ஆக்னஸ் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வெகுநேரம் என் பக்கத்தில் நின்றாள். அப்புறம் கேட்டாள்: "அம்மா, நீ வந்தத அப்பாகிட்ட சொல்லலாமா? இல்ல, இதுவும் ரகசியமா?"

உன் மகளுக்கு ஆறு வயது. எதை யாரிடம் மறைக்க வேண்டும் என்று அனுமதி கேட்கிறாள். விழுந்தது எனக்கு வலிக்கவில்லை, இது வலிக்கிறது. சொல்லலாம், எதையும் யாரிடமும் சொல்லலாம் என்றேன். கீழே அவளே எழுதியிருக்கிறாள், பார்.

புர்கி தன் எண் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். எல்லா வீட்டு மாடத்திலும் துணி ஆடுகிறது, நம் மாடம் காலியாக இருக்கிறது. போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். என் அம்மாவுக்கு எழுதக் காகிதம் எடுத்தேன், தேதி போட்டதோடு நிற்கிறது. எழுதினால் உடனே வரச் சொல்வாள், எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் நீ நல்லபடியாக வந்து சேர். கடல்மேல் பறக்கும்போது உனக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று இப்போதும்தான் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருவதற்கு முன் ஒரு கடிதம் எழுது. எனக்கு ஒன்று, புர்கிக்கு ஒன்று என்று வேண்டாம். ஒரே கடிதம். ஆக்னஸ் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிப்பாள், நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அப்படி வாசிக்கக்கூடியதாக எழுது.

ரோஸ்விதா

அப்பா, அம்மா விழுந்தா. திரும்ப மேல ஏறினா. நான் பாத்தேன். ஆக்னஸ்.