மூட்டை வைக்க இடமில்லாத வண்டி

இன்று ஆராதனை முடிவதற்குள் உனக்கு இரண்டு முறை போன் வந்துவிட்டது. உனக்குத்தான், துடித்தது என் சட்டைப் பையில். ஆயர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணா? இன்னுமா நீங்க சொல்லல?" என்றாள். வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து எடுத்தேன். சென்னை கார் ஷோரூம் பெண்தான். வழக்கம்போல உன் பெயரைச் சொல்லி, "சார், நல்லா இருக்கீங்களா?" என்றாள். நானும் வழக்கம்போல, "இருக்கேம்மா, சொல்லு" என்றேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. மாதத்துக்கு ஒரு தடவை அவள் கூப்பிடுகிறாள். அந்தச் சிவப்பு வண்டியை வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா, என்ன முடிவு பண்ணினீர்கள் என்று கேட்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். நான் நீ இல்லை என்று அவளிடம் சொன்னதே இல்லை.

போகிற இடமெல்லாம் என் நம்பரைக் கொடுத்தது நீதான். உன் போனைக் கடையில் யாராவது எடுப்பார்கள், வீட்டில் சுமதி எடுப்பாள். கார் விஷயம் அவளுக்குத் தெரியக்கூடாது, ஆஸ்பத்திரி விஷயம் முழுசாகத் தெரியக்கூடாது. "உன் போன் சும்மாதானே கெடக்குது. ஸ்கூல் ஆபீஸ் கிளார்க்க யாரு கூப்புடப் போறா?" என்பாய். ஷோரூமிலும் வேலூர் ஆஸ்பத்திரியிலும் உன் பெயருக்குப் பக்கத்தில் என் நம்பர்தான் ஏறியது.

நமக்கு ஐம்பது நெருங்கும்போது உனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. அதற்கு முன்னால் நீ வைத்திருந்த வண்டிகளை நான் அறிவேன். முதலில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி, முன்னாலும் பின்னாலும் புடவை மூட்டை, நடுவில் நீ எங்கே என்று தேட வேண்டும். பிறகு ஒரு ஓட்டை வேன். அதிலும் மூட்டை. சேவூரில் தறி போட்டு, ஆரணியில் கடை வைத்து, நாலு காசு சேர்த்த பிறகும் உன் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பட்டு மூட்டை உட்கார்ந்திருந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்று வேலூரில் சொன்னார்கள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷன் என்று சுமதி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். அந்த வாரம்தான் நீ என்னிடம் வந்து சொன்னாய்: "பின்னாடி மூட்டை வெக்கவே எடம் இல்லாத வண்டி ஒண்ணு வேணும்டா."

வேலூருக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு என்னைச் சென்னைக்கு இழுத்துப் போனாய். தரையோடு தரையாக நின்றது அந்த வண்டி. இரண்டே சீட்டு. நீ வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கையைக் கதவில் ஊன்றி, மெல்ல உள்ளே இறங்கினாய். சின்ன வயதில் காலை இறக்கி உட்கார்ந்த குழித்தறி ஞாபகம் வந்துவிட்டது உனக்கு. "பள்ளத்துல எறங்கற மாதிரியே கீதுடா" என்று சிரித்தாய். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பின்னால் கை விட்டுத் துழாவிப் பார்த்தாய். ஒரு பெட்டிப் புடவை வைக்கக்கூட இடமில்லை. அவ்வளவு சந்தோஷத்தை உன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

வழி இரண்டு என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒன்று, விலை கொடுத்து வாங்கிவிடுவது. இன்னொன்று லீஸ். மாதாமாதம் கட்டி மூன்று வருஷம் ஓட்டலாம், இன்சூரன்சும் ரிப்பேரும் அவர்கள் பொறுப்பு, முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கடைசி வார்த்தையில் உன் முகம் சுண்டிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பெண் வீட்டார் வருவார்கள். வீட்டில் பெரியவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஏழெட்டுப் புடவை எடுத்துப் போவார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். மடிப்பு கலைந்திருக்கும். ஒன்றில் மஞ்சள் கறை இருக்கும், ஒன்றில் யாரோ தோளில் போட்டுப் பார்த்த பவுடர் வாசனை இருக்கும். அதை மறுபடி மடித்து, பெட்டி போட்டு, அடுக்கில் வைத்தாலும் பழைய முறுக்கு வராது என்பாய். முதல் முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய சரக்கு தள்ளுபடி மேஜைக்குப் போய்விடும். உன் வாயில் ரிட்டர்ன் என்பதுதான் மிகப் பெரிய கெட்ட வார்த்தை.

"ரிட்டர்ன் வாங்கி வாங்கி நொந்து போனவன்மா நானு. என்னையே ரிட்டர்ன் பண்ணச் சொல்றியே" என்று அவளிடம் சொன்னாய்.

நான் லீஸ் கட்சி. என் குணம் உலகம் அறிந்தது. மிக்சி வாங்க இரண்டு வருஷம் யோசித்தவன், வாங்கின பிறகும் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதவன். எனக்கு நீ வைத்த பெயரே வாரண்டி. "டேய் வாரண்டி, செருப்புக்கும் கார்டு கேப்பியா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்பாய். அந்த வண்டிக்கு ஆரணியில் மெக்கானிக் ஏது, ஒரு போல்ட் போனாலும் சென்னைக்குத் தூக்கிப் போக வேண்டுமே, லீஸ் என்றால் அவர்கள் தலைவலி என்று நான் அடித்துப் பேசினேன். எடுத்தால் எடுத்ததுதான், திருப்புகிற பேச்சே கூடாது என்று நீ நின்றாய். டீக்கடையிலும், வேலூர் போகும் வழியிலும், ஊசி போடும் பெஞ்சிலும் இதே பேச்சு. வேறு எதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்கு அப்போது தெரிந்தே இருந்தது.

நடுவில் ஒரு நாள் வேகத்தடைகளை அளக்கக் கிளம்பினோமே. அந்த வண்டியின் அடி தட்டுமா தட்டாதா என்று பார்க்க, கடையில் புடவை அளக்கும் மீட்டர் கட்டையை எடுத்துக்கொண்டு சேவூர் ரோடு முழுக்க ஒவ்வொரு மேடாகக் குந்திக் குந்தி அளந்தோம். உன் தெரு முனைக்கு வந்தபோது ஒரு அம்மா ஓடி வந்தாள்.

"நகராட்சியாங்க நீங்க? எங்க தெரு மொனையில ஒண்ணு போடுங்க சார். புள்ளைங்க வெளாடிகினு கீதுங்க, ஆட்டோக்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வர்றானுங்க. பேஜாரா கீது."

தெருவுக்குப் புதிதாகக் குடி வந்தவள், உன்னைத் தெரியவில்லை. நீ சும்மா இருந்தாயா? இடுப்பில் கை வைத்து, தெருவை மேலும் கீழும் பார்த்து, "போட்டுடலாம்மா. ஜல்தியா போட்டுடலாம்" என்றாய். என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோங்க" என்றாய். நானும் உள்ளங்கையில் எழுதுவது போலப் பாவனை செய்தேன். அந்தப் பக்கம் போய் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த முறை வேலூரில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கூட வந்தவன் நான், நம்பர் என்னுடையது. நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மழைக்காலம் தாண்டுமா என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வந்தபோது நீ பெஞ்சில் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தாய். "இன்னா சொன்னாரு?" "மாத்திரைய மாத்தறாராம்." நீ பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினாய்.

கண்ணமங்கலத்தில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். நீ பழைய பேச்சை எடுத்தாய். "சரி, நீ சொல்ற மாதிரி லீஸையே பாக்கலாமா? மூணு வருஷம்தானே" என்றாய். என் முறை. மெக்கானிக், போல்ட் என்று நான் ஆரம்பித்திருக்க வேண்டும். மூன்று வருஷம் என்ற வார்த்தையை என்னால் தாண்ட முடியவில்லை. "லீஸெல்லாம் எதுக்குடா, வாங்கிடு" என்றேன். "உனக்குப் புடிச்சிருக்குது இல்ல, வாங்கிடு."

நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாய்.

"மிக்சிக்கு ரெண்டு வருஷம் யோசிச்சவன் நீ" என்றாய். "நீ போயி வாங்குன்ற."

பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அவ்ளோதானாடா?" என்று கேட்டாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் சொல்லாமல் விட்டதையும் நீ என் ஒரு வார்த்தையில் படித்துவிட்டாய். பிறகு மிச்ச டீயைக் குடித்து முடித்தாய். "அப்ப லீஸுதான் சரி. ரிட்டர்ன் பண்ண ஈஸியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாய். ஊர் வரும்வரை நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாய், நான் உன்னைப் பார்க்கவில்லை.

நீ படுத்த பிறகு நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். உன் பெயரில்தான் பேசினேன். வண்டியை ஒரு தரம் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். அவள் ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை டிரைவர் ஒருவர் சென்னையிலிருந்து ஓட்டி வந்தார். தெரு முனையில் நின்றுவிட்டார்.

அந்த அம்மா நகராட்சிக்குப் போய், இரண்டு பேர் வந்து அளந்துவிட்டுப் போனார்களே என்று கேட்டிருக்கிறாள். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அலுத்துப்போய்த் தெருக்காரர்களே காசு போட்டு, ஜல்லியும் சிமெண்டும் கொட்டி ஒரு மேடு எழுப்பிவிட்டார்கள். அளவு கணக்கு எதுவும் கிடையாது, குட்டிச் சுவர் மாதிரி இருந்தது. டிரைவர் இறங்கி, குனிந்து பார்த்து, கையை விரித்துவிட்டார். "அடி போயிடும் சார். கம்பெனி வண்டி."

ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ முன்னறைக் கட்டிலில் இருந்தாய். வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி, கண் மஞ்சளாகிக் கிடந்தாய். சுமதி தலைமாட்டில் இருந்தாள். இந்தக் கார் கதை அவளுக்கு அன்றுதான் தெரியும். நாலைந்து வீடு தள்ளித்தான் வண்டி நிற்கிறது.

"நம்ப போட்ட பிரேக்கர்டா அது" என்றாய். சிரிக்கப் பார்த்தாய், இருமல்தான் வந்தது.

நாற்காலியில் உட்கார், நானும் டிரைவரும் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றேன். நீ தலையை ஆட்டினாய். "தெருவே நின்னு பாக்க என்னை தூக்கிகினு போவாதீங்க. அதுக்கு வேற நாள் கீது." சுமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சத்தத்தையாவது கேட்கிறேன் என்றாய். நான் முனைக்குப் போய்ச் சொன்னேன். டிரைவர் நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்தார். தெருவில் பவர்லூம் ஓடிய வீடுகளில் தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். தறிச் சத்தம் நின்றதும் அந்த உறுமல் மட்டும் தெரு முழுக்க வந்தது. நான் திரும்பி வந்தபோது உன் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். "வாங்கிடலாம்டா வாரண்டி" என்றாய். "திருப்பிக் குடுக்கற பேச்சே வேணாம். அந்தப் பொண்ணாண்ட சொல்லிடு."

நான் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றுதான் சொன்னேன். அடுத்த ஞாயிறு நீ இல்லை.

உன்னை ஏற்றிய சொர்க்க ரதம் அந்த மேட்டில் சற்று நின்று, முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் இறங்கி, ஒரு குலுக்கலோடு போய்விட்டது. அந்த வண்டிக்கு உயரம் போதுமானதாக இருந்தது. பின்னால் உன்னோடு ஒரு மூட்டையும் இல்லை.

அதெல்லாம் இன்று வேப்பமரத்தடியில் ஒரு நிமிஷத்தில் வந்து போனது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "சார், அந்த மாடல நிறுத்தறாங்க. நம்மகிட்ட ஒரே ஒரு ரெட் இருக்கு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க சார். வாங்கறீங்களா, லீஸா?" யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல இனி இடமில்லை.

"வாங்கறதுன்னு முடிவு பண்ணாரும்மா" என்றேன். "போன வருஷமே பண்ணிட்டாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. அவரு தவறிட்டாரு."

"அப்ப இவ்ளோ நாளா பேசினது யார் சார்?" என்றாள். கோபமில்லை, பயந்த மாதிரிதான் இருந்தது. "அவரோட ஃப்ரெண்டும்மா" என்றேன். "சாரி சார். இந்த நம்பர எடுத்துடறேன். இனிமே கால் வராது" என்றாள். சரி என்றேன்.

ஸ்டெல்லாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சுமதியைப் பார்க்கப் போனேன். உன் தெரு முனையில் அந்த மேடு அப்படியே இருக்கிறது. என் ஸ்கூட்டர் அதில் தாராளமாக ஏறும், ஒன்றும் ஆகாது. ஆனாலும் போகும்போதெல்லாம் நிறுத்தி, ஓரமாகச் சாய்த்து, அங்குலம் அங்குலமாக ஏற்றுகிறேன். "மெதுவா, அடி தட்டும்" என்று இன்றும் காதில் கேட்டது. உன் குரல் என்று எழுதத்தான் ஆசை. என் குரல்தான் அது.